கழுத்தில் குழாய் போடுவதற்கு முன்: மருத்துவமனைக் கொள்முதல் குழுக்களுக்கும் தீவிர சிகிச்சை மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். நோயாளியின் எந்தச் சிரையில் எந்தக் குழாயைப் போடுவது என்பதை அந்த வேளையில் அலமாரியில் இருக்கும் பொருளே முடிவு செய்துவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டதால் இம்மடலை எழுதுகிறேன். நான் பணியாற்றிய இடங்களில் அலமாரியைத் திறந்தால் இரண்டுதான் இருக்கும்: கையில் போடும் சாதாரண வென்ஃப்ளான் (சிரைக்குள் செருகும் குட்டையான கேனுலா, அதாவது மெல்லிய குழாய்), கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கு அருகில் வரை செல்லும், உள்ளே மூன்று தனி வழிகள் கொண்ட சென்ட்ரல் லைன். இவற்றுக்கு இடைப்பட்ட, அல்ட்ராசவுண்ட் பார்த்து மேல்கையில் போடும் நீண்ட கேனுலாவையோ, நெஞ்சு வரை போகாமல் மேல்கையிலேயே முடியும் மிட்லைனையோ கேட்டால், ‘பட்டியலில் இல்லை’ என்பதே பதில்.

சில ஆண்டுகளுக்கு முன் நிமோனியாவோடு வந்த ஒரு அம்மாவுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பாதி பழுதாகியிருந்தது. மூன்று நாட்களில் அவருடைய இரு கைகளிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை ஊசி குத்திய தடங்கள். அவற்றில் சில நான் குத்தியவை. விரலால் தடவிப் பார்த்தால் சிரை கயிறு போல இறுகி, தோலுக்கடியில் உருண்டது. பிறகு இடது மேல்கை வழியாக நெஞ்சு வரை செல்லும் பிக் லைன் போட்டோம். அவர் பிழைத்து வீடு திரும்பினார். ஓராண்டுக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் சிரையையும் தமனியையும் இணைப்பது) அமைக்கச் சிரைகளை ஸ்கேன் செய்தபோது, இடது மேல்கைச் சிரை அடைபட்டிருந்தது. வலது முன்கையில் தகுந்த சிரை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பிக் லைன் போட்ட நாளில் அவருடைய சிறுநீரகத்தைப் பற்றி எங்களில் ஒருவரும் பேசவில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் வல்லுநர்கள் கூடித் தொகுத்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியும், சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 45 மி.லி.க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பிக் லைனைத் தவிர்க்கவே சொல்கிறது.

‘பெரிய நோய், ஆகவே பெரிய குழாய்’ என்ற எண்ணம் எங்களிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. இரத்தம் பெருகி நாடி தளர்ந்து வருபவருக்குக் கழுத்தில் சென்ட்ரல் லைன் போட அரை மணி நேரம் செலவாவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் குழாய் நீள நீள ஓட்டம் குறையும். மூன்று வழிக் குழாயின் அகன்ற வழியே 16 கேஜ் (துளையின் அளவு) மட்டும்தான். ஏறத்தாழ 20 செ.மீ. நீளமான அதன் வழியே பாயும் திரவம், முழங்கை மடிப்பில் போட்ட சாம்பல் நிற 16 கேஜ் கேனுலா வழியே பாய்வதில் பாதிகூட வராது. அந்த நோயாளிக்கு வேண்டியவை குட்டையான, தடித்த இரண்டு கேனுலாக்கள்.

இரத்த அழுத்தம் சரிந்தவருக்கு அதை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்க வேண்டுமென்றால் சென்ட்ரல் லைன் கிடைக்கும் வரை காத்திருப்பதும் இதே பழக்கம்தான். செப்சிஸ் (தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கும் நிலை) சிகிச்சைக்கான 2021-ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டி, முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள சிரையில் குறுகிய காலத்துக்குத் தொடங்கிவிடலாம் என்கிறது. மருந்து கசிந்தால் தோல் கருகும் என்பதால் அந்த இடத்தை அடிக்கடி பார்க்க ஆள் வேண்டும். அது செவிலியர் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்ட்ரல் லைன்தான் வேண்டும் என்று முடிவானாலும் இடம் எது என்ற கேள்வி எஞ்சுகிறது. பிரான்சில் 10 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 3,471 குழாய்களை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், கழுத்து, தொடை ஆகிய இடங்களைவிடக் காறை எலும்புக்குக் கீழே போட்டபோது இரத்தத் தொற்றும் இரத்த உறைவும் குறைந்தன. நுரையீரல் குத்துப்பட்டுக் காற்று கசிவது கூடியது. அப்படியானால் எல்லோருக்கும் காறை எலும்புக்கடியிலேயே போட்டுவிடலாமா என்றால், நான் மேலே சொன்ன அம்மாவைப் போன்றவர்களுக்கு அங்கே சிரை சுருங்கினால் அந்தப் பக்கக் கையே ஃபிஸ்டுலாவுக்கு உதவாமல் போகும். வென்டிலேட்டரின் (செயற்கை சுவாசக் கருவி) உயர்ந்த அளவுகளோடு, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பவரிடம் நுரையீரல் குத்துப்படும் அபாயத்தை எடுப்பதும் எளிதல்ல. ஆள் மாறினால் விடையும் மாறுகிறது.

மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்தே செயல்களை விடாமல் கடைப்பிடித்தன: கை கழுவுதல், முழுப் பாதுகாப்பு உறை அணிதல், தோலில் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி பூசுதல், இயன்றவரை தொடையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல். 1,000 குழாய் நாட்களுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய் நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதங்களில் 0 ஆனதாக 2006-இல் அறிவித்தார்கள். ஐந்தில் எங்களிடம் அதிகம் தவறுவது கடைசிச் செயல். ‘இருக்கட்டும், திரும்பத் தேவைப்படும்’ என்று வார்டுக்கு மாறும் நாள் வரை கழுத்தில் குழாய் கிடக்கிறது.

கொள்முதல் குழுவினரிடம் நான் வேண்டுவது, மிட்லைனையும் நீண்ட கேனுலாவையும் இரண்டு வழிக் குழாயையும் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு பிரிவுக்கும் சிரை பார்க்க ஓர் அல்ட்ராசவுண்ட் கருவியை ஒதுக்குவது. ஒரு குழாயின் விலையை இன்னொன்றின் விலையோடு மட்டும் ஒப்பிடாமல், தொற்று வந்தால் கூடும் படுக்கை நாட்களையும் மருந்துச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மருத்துவர்களிடம் வேண்டுவது, ‘லைன் போடவும்’ என்று எழுதும் இடத்தில் என்ன மருந்து, எத்தனை நாள், எத்தனை வழி, சிறுநீரக நிலை என்ன என்ற நான்கையும் எழுதுவதும், காலைச் சுற்றில் ஒவ்வொரு குழாயையும் காட்டி ‘இது இன்றும் வேண்டுமா’ என்று நாங்கள் கேட்கும்போது ஆம், இல்லை என ஒரு சொல்லில் விடை தருவதும். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையைச் செவிலியருக்கு எழுத்தில் கொடுங்கள்.

பணிவுடன்,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்