ஹாக்கி செலக்‌ஷனுக்கு வார அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணாச்சி. யார் பேரையும் போடாமதான் எழுதுதேன், ஏன்னா இது ஒரு ஆளு மேல உள்ள கோவம் இல்ல. கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல சின்னப் பயலுவள ஹாஸ்டலுக்கும் மாவட்ட டீமுக்கும் எடுக்க வார எல்லாருக்கும் சேத்துதான் இது. நான் பெரிய கோச் எல்லாம் கெடையாது, சர்ட்டிபிகேட்டும் இல்ல, சாயந்திரம் வேல முடிஞ்சு கிரவுண்டுக்கு வந்து பயலுவளுக்கு பால் தள்ளிவிடுத ஆளு, அவ்வளவுதான். ஆனா வருசாவருசம் ட்ரையல்ஸ் பாக்குதேன், பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

மொதல்ல டேப்ப வச்சு உயரம் அளக்குதீங்க. அப்புறம் 30 மீட்டர் ஓட்டம், நின்ன எடத்துல இருந்து தாண்டுதது, அங்கயும் இங்கயும் திரும்பித் திரும்பி ஓடுத ஷட்டில் ஓட்டம். இதெல்லாம் முடிஞ்சு வெயில் ஏறுன பொறவுதான் ஸ்டிக்க கையில குடுத்து கொஞ்ச நேரம் மேட்ச் விடுதீங்க, அதுக்குள்ள பாதி மார்க் போட்டு முடிஞ்சிருது. கடைசில ஒட்டுத லிஸ்ட்ட பாத்தா ஹாக்கி ஆடத் தெரிஞ்சவன் லிஸ்ட் மாதிரி இல்ல அண்ணாச்சி, சீக்கிரம் மீச மொளச்சவன் லிஸ்ட் மாதிரி இருக்கு.

கோவப்படாதீங்க, வெவரமா சொல்லுதேன். எங்க மச்சினன் ஒருத்தன் கனடாவுல இருக்கான், அவன் மவன் அங்கன ஐஸ் ஹாக்கி ஆடுதான். நம்ம ஹாக்கிக்கும் அதுக்கும் ஸ்டிக்க தவிர பெருசா சம்பந்தம் இல்ல, ஆனா சின்னப் பயல பாத்து இவன் தேறுவானா மாட்டானான்னு கணிக்கதுல அவங்க பட்ட பாட்ட படிச்சா நம்ம ட்ரையல்ஸே கண்ணு முன்னாடி வந்து நிக்குது. 1985ல ரோஜர் பார்ன்ஸ்லின்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர் ஒரு கட்டுர போட்டாரு. அவரும் வீட்டுக்காரம்மாவும் ஒரு மேட்ச் பாக்க போயிருக்காங்க, அங்க குடுத்த புரோகிராம் புக்க அந்தம்மா சும்மா பொரட்டிட்டு இருக்கும்போது பிளேயர்ஸோட பொறந்த தேதிய பாத்தா ஜனவரி, பிப்ரவரி, மார்ச்னே நெறய வருதாம். அப்புறம் என்ஹெச்எல்னு சொல்லுத அங்கத்த பெரிய லீக் பிளேயர்ஸ் கணக்கெல்லாம் எடுத்துப் பாத்தாலும் அதே கததான், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வர பொறந்தவன் ரொம்ப கம்மி. காரணம் என்னன்னா அங்க வயசுக் கணக்கு ஜனவரி 1ல ஆரம்பிக்குது. ஒம்போது பத்து வயசுல ஜனவரில பொறந்தவனுக்கும் டிசம்பர்ல பொறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருசம் வித்தியாசம், ஆனா ரெண்டு பேரும் ஒரே குரூப். பெரியவன எடுக்காங்க, எடுத்தவனுக்கு நல்ல கோச்சு, நெறய மேட்ச்சு, நல்ல கிரவுண்டு எல்லாம் கெடைக்குது, அதனால அவன் நெசமாவே நல்லா ஆடிருதான், அப்புறம் என்ன, நாங்க அப்பவே சொன்னோம்லா திறமசாலின்னு.

நம்ம ஸ்கூல் கேம்ஸ்லயும் அண்டர் 14, அண்டர் 17 எல்லாம் ஜனவரி 1 கணக்குதான? (எங்க அப்பா காலத்துல இந்தப் பிரச்சன இருந்திருக்காது, ஹெட்மாஸ்டர் புண்ணியத்துல அந்தத் தலமொறைக்கே ஜூன் மாசம்தான் பொறந்தநாள்.) இப்ப ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் இருக்கு, ஆனா செலக்‌ஷன் பேப்பர்ல வருசத்த பாத்து டிக் அடிக்கதோட சரி, மாசத்த ஒருத்தரும் பாக்கதில்ல. நவம்பர்ல பொறந்த பய சோந்து போய் பஸ் ஏறுதான். இன்னொன்னும் இருக்கு, உயரத்துக்குத்தான் மார்க்குன்னு ஆயிட்டா, வயச கொறச்சு பேப்பர் வாங்குதவனுக்கு நாமளே கூலி குடுத்த மாதிரி ஆவுது.

அங்க பெரிய லீக்குக்கு பயலுவள எடுக்கத டிராஃப்ட்டுன்னு சொல்லுதாங்க, மொத வாய்ப்பு 18 வயசுல வரும், அந்த வருசம் செப்டம்பர் 15க்குள்ள 18 முடிஞ்சிருக்கணும்னு ஒரு கட். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17ல பொறந்தவன், ரெண்டே நாள்ல 2015 டிராஃப்ட் போயிருச்சு, அடுத்த வருசம் 2016ல மொத ஆளா எடுத்தாங்க. அவன் ஏற்கனவே பேர் எடுத்தவன், அதனால காத்திருக்க முடிஞ்சுது. எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா? 2013ல வந்த ஒரு ஆய்வுல, வருசக் கடைசில பொறந்த பயலுவள அவங்க தகுதிக்கு ரொம்ப கீழ எடுத்திருக்காங்க, பின்னால அவனுவதான் எடுத்த எடத்துக்கு மேல ஆடிருக்கானுவன்னு கணக்கு போட்டு காட்டிட்டாங்க.

ரஷ்யாக்காரர் பாவெல் டாட்சுக் கத தெரியுமா? ரெண்டு டிராஃப்ட்டுல ஒருத்தரும் தொடல, ஆளு சின்னதுன்னு. வேற ஒரு பயல பாக்கதுக்குன்னு போன டெட்ராய்ட் டீம் ஸ்கவுட் (ஆள் தேடுதவரு) கண்ணுல இவரு பட்டு, 1998ல 171வது ஆளா எடுத்தாங்க. 2002லயும் 2008லயும் அந்த லீக்கோட பெரிய கோப்பையான ஸ்டான்லி கப் ஜெயிச்சாரு, இப்ப ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காரு. மார்ட்டின் செயின்ட் லூயிஸ் இன்னும் மோசம், 5 அடி 8 அங்குலம், டிராஃப்ட்டுல பேரே வரல. 2004ல கப் ஜெயிச்சாரு, அந்த சீசன்ல லீக்குலயே அதிக பாயின்ட் (போட்ட கோலும், கோலுக்கு பாஸ் குடுத்ததும் சேத்து) அவருதான், 37 வயசுல 2013ல மறுபடியும் அவருதான் மொத எடம். இதுக்கு நேர்மாறா 1993ல மொத ஆளா எடுத்த அலெக்ஸாண்டர் டேக்ல எதிர்பாத்த உயரத்துக்கு வரவே இல்ல, ரெண்டாவதா எடுத்த கிறிஸ் பிராங்கர்தான் ஹால் ஆஃப் ஃபேமுக்கு போனாரு. அங்க ஸ்கவுட்டுக்கு சம்பளம் இருக்கு, ஊர் ஊரா போயி ஒரே பயல திரும்பத் திரும்ப பாக்காங்க, வீடியோ இருக்கு. அப்படிப் பாத்தும் 18 வயசுப் பயல கணிக்கதுல இவ்வளவு கோளாறுன்னா, 12 வயசுப் பயல ஒரு காலைல பாத்துட்டு இவனுக்கு எதிர்காலம் இல்லன்னு எந்த தைரியத்துல எழுதுதோம்?

உயரமே வேண்டாம்னு சொல்லல. பின்னால நின்னு தடுக்குத ஃபுல் பேக்குக்கு கை நீளம் ஒதவும், பெனால்டி கார்னர்ல பால இழுத்து வீசுத டிரேக் ஃப்ளிக்குக்கு ஒடம்பு வலு வேணும், சரி. ஆனா ஐஸ் ஹாக்கில ஆள ஆளு மோதி தள்ளலாம், அது ரூல்லயே உண்டு, அங்கயே 5 அடி 8 அங்குலம் ஜெயிச்சிருக்கு. நம்ம ஆட்டத்துல இடிச்சா ஃபவுலு. அப்புறம் எதுக்கு இந்தப் பதட்டம்? உளுந்தும் பருத்தியும் ஒரே மழைல வெதச்சாலும் ஒரே மாசத்துல வீடு வந்து சேராதுன்னு நம்ம கரிசக்காட்டுல யாருக்கும் சொல்லித் தரணுமா.

சரி, எதத்தான் பாக்கச் சொல்லுதன்னு கேப்பீங்க. பால் வாரதுக்கு முன்னாடி அவன் கண்ணு எங்க போகுதுன்னு பாருங்க. நல்ல பய பால் வருமுன்னே தோள்பட்டைக்கு மேல ஒரு தடவ திரும்பி பின்னால யாரு நிக்கான்னு பாத்திருவான், மத்தவன் பால வாங்கிட்டு அப்புறம்தான் தலய தூக்குவான், அதுக்குள்ள பால் போயிருக்கும். ரெண்டாவது அந்த மொத டச். ஸ்டிக்கால நிப்பாட்டுன பால் காலுக்கடில செத்துக் கெடக்கா, இல்ல அடுத்து போக வேண்டிய பக்கம் ஓரடி தள்ளி ரெடியா நிக்குதா? பால பறிகுடுத்ததும் என்ன செய்யுதான்? இடுப்புல கை வச்சு அம்பயர பாக்கானா, திரும்பி தொரத்துதானா? இதுக்கெல்லாம் ஸ்டாப்வாட்ச்சும் வேண்டாம் டேப்பும் வேண்டாம். எல்லாத்துக்கும் மேல நான் பாக்கது ஒண்ணு, புதுசா ஒரு விசயம் சொல்லிக் குடுத்து கொஞ்ச நேரம் கழிச்சு பாருங்க. ரிவர்ஸ் ஸ்டிக்ல (ஸ்டிக்க திருப்பிப் பிடிச்சு ஆடுதது) கைய இப்படி மாத்துலேன்னு சொன்னா ஒருத்தன் தலய ஆட்டிட்டு பழையபடியே ஆடுவான், இன்னொருத்தன் தப்புத் தப்பா செஞ்சாலும் அதயே செஞ்சு பாத்துட்டு இருப்பான். எனக்கு அந்த ரெண்டாவது பயதான் வேணும், அவன் இன்னைக்கு தோத்தாலும் சரி.

இதுக்கு முழு கிரவுண்டுல பதினொண்ணுக்கு பதினொண்ணு மேட்ச் விட்டா ஒண்ணும் தெரியாது. வேகமா ஓடுதவன் கண்ணுக்கு தெரிவான், மத்தவன் பால தொடாமலே வெளிய வருவான். நாலுக்கு நாலு, சின்ன எடம், ஆள மாத்தி மாத்தி விடுங்க.

அப்புறம் டர்ஃப், அதான் செயற்கைப் புல்லு கிரவுண்டு. ஊர்ல செம்மண்ணுலயும் கரிசமண்ணுலயும் குதிச்சுக் குதிச்சு வார பால நிப்பாட்டி பழகுன பய, அன்னைக்குத்தான் மொத தடவையா டர்ஃப்ல காலு வைக்கான், தண்ணி அடிச்ச டர்ஃப்ல பால் சறுக்கிட்டு வார வேகத்துல கொஞ்ச நேரம் தெகச்சுதான் நிப்பான். 1975ல கோலாலம்பூர்ல உலகக்கோப்ப ஜெயிச்ச நம்ம நாட்டு டீமே, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ல மொத தடவையா செயற்கை டர்ஃப் போட்டப்ப ஏழாவது எடத்துக்கு போச்சு. அம்புட்டு பெரிய ஆளுங்களுக்கே அப்படின்னா இவனுக்கு பழக ஒரு நாளாச்சும் குடுக்க வேண்டாமா?

கோல்கீப்பர் விசயம் தனி வயித்தெரிச்சல். ஓட முடியாத குண்டுப் பயல பேடு கட்டி நிப்பாட்டுதது, அவ்வளவுதான் செலக்‌ஷன். இந்தியா டீம் கோல்கீப்பரா இருந்த ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரம் ஸ்போர்ட்ஸ் ஸ்கூலுக்கு போகும்போது ஓட்டம், லாங் ஜம்ப், வாலிபால்னு சுத்துன ஆளு, அங்க போன பொறவுதான் ஹாக்கிக்கும் கோல் போஸ்ட்டுக்கும் வந்தாரு, கடைசில ரெண்டு ஒலிம்பிக் மெடல். ஐஸ் ஹாக்கிலயும் கோலி தேறுததுக்கு ரொம்ப நாள் ஆவும்னு அவங்களே சொல்லுதாங்க, பின்னால பெரிய பேர் எடுத்த கோலி ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்டயே 2000 டிராஃப்ட்டுல 205வது ஆளாத்தான் எடுத்தாங்க. கீப்பருக்கு தனியா ஒரு நாள் வைங்க அண்ணாச்சி, கீப்பிங் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு வாங்க.

நம்ம ஊரு ஒண்ணும் கொறஞ்சதில்ல. மாரீஸ்வரனும் கார்த்தியும் நம்ம கோவில்பட்டி ஹாஸ்டல்ல இருந்துதான் 2022ல ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு இந்தியா டீம்ல போனாங்க, வெண்கலத்தோட வந்தாங்க. சும்மாவா ஹாக்கிபட்டின்னு சொல்லுதாங்க. அதனாலதான் கேக்கேன், செலக்‌ஷன் பேப்பர்ல பொறந்த மாசத்துக்கு ஒரு கட்டம் போடுங்க. வெளிய அனுப்புத பயலுவள்ள, கண்ணுல பட்டும் ஒடம்பு பத்தாதுன்னு விட்டவன் பேர தனியா எழுதி வச்சு ஆறு மாசம் கழிச்சு மறுபடி கூப்பிடுங்க, போன் பண்ணி நீங்களே கூப்பிடணும், அவனா வரமாட்டான்.

அப்புறம் ட்ரையல்ஸ் தேதிய முந்துன நாள் ராத்திரி வாட்ஸப்ல போடாதீங்க. இலுப்பையூரணி, எளையரசனேந்தல் பக்கம் இருந்து வார பயலுக்கு ஸ்டிக்கு இரவல் வாங்கணும், அவங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல லீவு சொல்லணும், பத்து நாளாச்சும் முன்னாடி தெரியணும். காலைல ஆறு மணிக்கு ரிப்போர்ட்டிங்னு வேற போடுதீங்க, சில ஊர்ல இருந்து அந்நேரத்துக்கு பஸ்ஸே கெடையாது அண்ணாச்சி, எட்டு மணின்னு வைங்க.