அண்ணாவுக்கு: மாடியை வாடகைக்கு விட்டுவிட்டேன்

அண்ணா,

போன வியாழக்கிழமை மாடி வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பாதிக்கு ஒன்று. நீ துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று அனுப்பிய பவர் பத்திரத்தை வைத்து உன் பாதிக்கு ஒன்று. வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான். அங்கே நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. இங்கே பொதுவில் எழுதினால் அண்ணி படிப்பார், அண்ணி படித்தால் உன் காதுக்கு வந்துவிடும்.

பெரியப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சிலவற்றைப் பட்டும் படாமலும்தான் எழுத முடியும். குடிவருகிறவர்கள் யார், எந்த ஊர், என்ன சமைப்பார்கள் என்பதெல்லாம் இங்கே வராது. நீ கடைசியாகப் போனில் கேட்ட அந்த ஒரு கேள்வியும் வராது. புரோக்கரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், ஆனால் அவர் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டேன் என்பதும் உண்மை. பதில் சொல்லாதவனிடம் எத்தனை முறை கேட்பது? அப்பாவின் முதல் வருஷத் திதி அடுத்த மாதம் வருகிறது, அது முடியட்டும் என்றாய். சித்திரையிலும் அப்படித்தான் ஏதோ ஒன்று முடியட்டும் என்றாய். பூட்டிக் கிடக்கிற வீடு சும்மா கிடக்காது அண்ணா. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொத்து வரி வந்துவிடுகிறது. மாடி பாத்ரூமில் யாரும் தண்ணீர் புழங்காமல் குழாய் இணைப்புகள் காய்ந்துபோய், திறந்த அன்று கீழே என் சமையலறைக் கூரை ஊறிவிட்டது. அதைச் சரிசெய்த பில்லை உனக்கு அனுப்பினேன். அதற்கும் நீல டிக்.

சரி, அட்வான்ஸ் விஷயம். உனக்கு அதுதான் பெரிய கோபம் என்று அண்ணி சொன்னார். வாடகை 14,000. நீ சொன்னபடி பத்து மாதம் என்றால் 1,40,000. நான் வாங்கியது 42,000, மூன்று மாதம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. "வேறு விதமாக எழுதிக்கொள்ள வேண்டியதுதானே, ஊரே அப்படித்தானே வாங்குகிறது" என்பாய். ஊர் எப்போதும் அப்படித்தான் வாங்கியது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று 1960-ஆம் வருடச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பா அலுவலகத்தில் கடன் போட்டு அட்வான்ஸ் கட்டினார். அந்தக் கடன் பிடித்தம் போகத்தான் அவருக்குச் சம்பளம் வந்தது. அம்மா மளிகைக் கடையில் கணக்கு எழுதிவைக்கச் சொல்லும்போது பக்கத்தில் நின்றது நீ.

வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது எதற்கு என்றும் கேட்டாயாம். துபாயில் நீ இருக்கிற வீட்டின் ஒப்பந்தம் எஜாரி என்கிற அரசுப் பதிவு முறையில் பதிவாகாமல் உனக்குக் கரண்ட் கனெக்‌ஷனே கிடைத்திருக்காது. அங்கே டெபாசிட் வருட வாடகையில் ஐந்து சதவீதம்தான் என்று போன முறை வந்தபோது நீதான் பெருமையாகச் சொன்னாய். ஓனர் வீட்டை விற்பதற்காக உன்னைக் கிளம்பச் சொன்னாலும் 12 மாதம் முன்னால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னாய். அங்கே உனக்குப் பாதுகாப்பாக இருப்பது, இங்கே நம் மாடிக்கு வருகிற ஒரு ஆஸ்பத்திரி ஊழியருக்கு மட்டும் அதிகப்படியாகிவிடுமா?

இப்போது நீ அனுப்பிய மாதிரி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அதை அங்கே யாரோ நண்பரிடம் வாங்கியிருப்பாய். மூன்றாவது ஷரத்து: வாடகைதாரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அடித்தால் ஆணி ஒன்றுக்கு 200 ரூபாய் அட்வான்ஸில் பிடிக்கப்படும். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

நாம் வாடகைக்கு இருந்த திருவல்லிக்கேணி வீட்டைக் காலி செய்வதற்கு முந்தின ராத்திரி. நீ பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாய். சாமி படம், தாத்தா படம், காலண்டர், முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கிய பிறகு சுவர் முழுக்க ஓட்டை. ஆணி ஒன்றுக்கு இவ்வளவு என்று அந்த ஓனர் பக்கத்துப் போர்ஷன்காரர்களிடம் பிடித்த கதை நமக்குத் தெரியும். எல்லாரும் படுத்த பிறகு நீ என்னை எழுப்பினாய். கரண்ட் இல்லை. நான் டார்ச் பிடித்தேன். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் பற்பசையோடு குழைத்தாய். வெள்ளையாக இருந்தால் தெரிந்துவிடும், சுவர் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்தது என்று, சொட்டு நீலம் பாட்டிலைத் தேடி எடுத்துவந்து குச்சியால் தொட்டுத் தொட்டுக் கலந்தாய். ஒவ்வொரு கலவையையும் சுவரில் ஒரு மூலையில் தடவி, என்னைத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னாய். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். தெரியவே இல்லை அண்ணா. அவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தது.

காலையில் அவர் சாவிக்கொத்தோடு வந்தார். ஒரு இடத்தில் சாவியால் சுரண்டினார். ஈரம் காயவில்லை. சாவியில் ஒட்டியதை மூக்கருகே கொண்டுபோனார். அப்பாவைப் பார்த்து, "சுவத்துக்குப் பல்லு வெளக்கி விட்டீங்களா சார்?" என்றார். நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். அப்பா உன் தோளில் கையை வைத்து, "நான்தாங்க செஞ்சேன்" என்றார். அவர் ஆணிக்குப் பிடித்தார், வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையும் பிடித்தார். மிச்சத்தை எண்ணிக் கொடுத்தபோது அப்பா மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.

டிரை சைக்கிளில் சாமான் மூட்டைகள் மேல் நீ எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வந்தாய். அன்றைக்கு ராத்திரி புது வீட்டில் சாப்பிட வர மாட்டேன் என்று வாசல் படியில் இருந்தாய். அப்பா உன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கலர் கரெக்டா வந்திருந்துதுடா" என்றார். அதன் பிறகுதான் அழுதாய். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளையா ஆணிக்கு 200 ரூபாய் போட்டது? "அப்பா இருந்தா விட்டிருப்பாரா" என்று வேறு சொன்னாயாம். அப்பாவை உன் பக்கச் சாட்சியாக இழுக்காதே. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுவதும் அவர் பக்கத்தில் நான் இருந்தேன். டிக்கெட் கிடைக்காதது உன் தப்பில்லை, அதை நான் ஒருநாளும் குற்றமாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் அவர் எதை விட்டிருப்பார், எதை விட்டிருக்க மாட்டார் என்பதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது ஷரத்தை அடித்துவிட்டேன். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பதையும் எடுத்துவிட்டேன். சட்டத்தின் பின்னிணைப்பில் யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. அதை அப்படியே ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட்டேன். மோட்டார் சுவிட்ச் நம் கையில் இருக்கட்டும் என்றாய். தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தவே கூடாது என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. சட்டத்தில் இல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். சுவிட்ச் மாடிப்படி அருகே பொதுவில் போட்டாயிற்று. மாடிக்குத் தனி மீட்டர் இருப்பதால் ஈபி கட்டணம் அவர்களே நேராகக் கட்டுவார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் அவர்களுக்கே சேரும். அதில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாம் கை வைக்க வேண்டியதில்லை.

நான் ஏமாளி என்று நினைக்காதே. அடையாள அட்டை நகல் வாங்கி, காவல் நிலையத்தில் படிவம் கொடுத்தாயிற்று. உள்வாடகை கூடாது என்று எழுதியிருக்கிறது. இரண்டு மாதம் வாடகை நின்றால் என்ன வழி என்பதும் தெரியும். வீட்டைப் பார்க்கப் போக வேண்டுமானால் ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

இன்னொன்று. இது சொல்லத் தயக்கமாக இருக்கிறது, அதுவும் இங்கே. உன் கோபம் அட்வான்ஸைப் பற்றியதும் அல்ல, அந்தக் கேள்வியைப் பற்றியதும் அல்ல என்று எனக்குப் படுகிறது. அப்பா பிஎஃப் பணத்தில் மாடி எழுப்பியது உனக்காக. அவர் இருந்தவரை ஒருவருக்கும் விடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ வந்தாலும் வராவிட்டாலும் அங்கே ஒட்டடை அடிக்க வைத்தார். வேறு ஒரு குடும்பம் அங்கே பால் காய்ச்சினால், நீ திரும்பி வரமாட்டாய் என்பது எல்லாருக்கும் உறுதியாகிவிடும். எனக்கும் அது வருத்தம்தான். உன் கேரம் போர்டையும் கிரிக்கெட் பேட்டையும் கீழே கொண்டுவந்தபோது ரொம்ப நேரம் ஒரு வேலையும் ஓடவில்லை. ஆனால் நீ எப்போது வருவாய் என்று ஒரு தேதியை நீயே சொன்னதில்லை. உன் வருத்தத்துக்கு வேறு யாரோ 1,40,000 கட்ட வேண்டும், ஆணிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றால் அது நியாயம் இல்லை. நிஜமாகவே வருகிறாய் என்றால் சொல். ஒப்பந்தம் 11 மாதம்தான்.

கடைசியாக வரி. நீ வெளிநாட்டில் இருப்பதால் உன் பாதி வாடகையில் குடிவருகிறவர்கள் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்துக் கட்ட வேண்டும். 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2. அதாவது 7,000-த்தில் 2,184. எல்லாவற்றையும் என் பெயரிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னாய். அப்படிச் செய்தால் நாளைக்கு மாட்டுவது குடிவருகிற அந்தப் பெண். அவர் வரி பிடித்துக் கட்டுவதற்கான டான் நம்பர் வாங்குவதற்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை படிவம் போடுவதற்கும் நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். இந்தியாவில் உனக்கு வேறு வருமானம் இல்லாததால் ரிட்டர்ன் போட்டால் பிடித்தது முழுக்கத் திரும்பி வந்துவிடும், ஆடிட்டரிடம் கேட்டுவிட்டேன். ஐந்தாம் தேதிக்குள் மிச்சம் உன் என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான) வங்கிக் கணக்குக்கு வரும்.

பவரை ரத்து செய்ய வேண்டும் என்று தோன்றினால் செய், அது உன் உரிமை. போட்ட ஒப்பந்தத்தை மட்டும் மாற்ற மாட்டேன். உன் பான் கார்டு நகலை இன்றைக்கே அனுப்பு, இல்லாவிட்டால் முதல் மாதமே அவர்கள் படிவம் நிற்கும். எனக்கு அனுப்பப் பிடிக்காவிட்டால் அண்ணியிடம் கொடு.

உன் தங்கை