தண்ணீர்த் தொட்டி தமிழில் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொட்டியின் நீர்மட்டம், அறையின் வெப்பநிலை ஆகியவற்றை அளக்கும் பெட்டிகளை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். அளவு மட்டும் சிறிய திரையில் ஓடுகிறது. தோட்டப்புற வீடுகளில் பகலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பாட்டி, தாத்தாமார்கள். கண்புரை விழுந்தவருக்கு அந்தத் திரையால் என்ன பயன்? பொத்தானை அழுத்தியதும் "தண்ணீர் எழுபத்திரண்டு விழுக்காடு" என்று பெட்டியே சொல்லட்டும். இதற்கு இணையம் வேண்டாம்.

இத்தகைய பெட்டிகளை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகைக்கான 'டாக்கி' என்ற பேசும் நிரல்தொகுப்பில் இருப்பவை ஆங்கிலச் சொற்கள். நம் குரலை 'ஊனோ' வகை ஆர்டுயினோ பலகைக்குள்ளேயே வைக்கலாம் என்றால், அதன் நிரல் நினைவகம் 32 கிலோபைட்தான். 128 கிலோபிட் எம்பி3 ஒலி 2 வினாடி ஓடினாலே அவ்வளவு இடமும் போய்விடும். அதனால் குரலை மைக்ரோ எஸ்டி அட்டையில் பதிந்து, டிஎஃப்பிளேயர் மினி என்ற சிறு ஒலிப்பான் மூலம் ஒலிக்கவிடுவதே நல்லது.

குரல்பதிவுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். "இருபது", "ஏழு" என்று தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் "இருபத்தேழு" வராது. சுழியம் முதல் நூறு வரை 101 எண்களையும் முழுமையாகப் பதியுங்கள். ஒவ்வோர் எண்ணையும் "விழுக்காடு" என்ற சொல்லோடு சேர்த்துப் படித்து, பிறகு அந்தச் சொல்லை வெட்டிவிட வேண்டும். எண்ணை மட்டும் படித்தால் குரல் இறங்கி முடிந்துவிடும். அடுத்த சொல் ஒட்டாமல் நிற்கும். ழகரம் தெளிவாக வரும் ஒருவரே, ஒரே அமர்வில், ஒலிவாங்கியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்து படிப்பது முக்கியம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு பதிவின் முன்னும் பின்னும் உள்ள அமைதியை ஒட்ட வெட்டுங்கள்.

அட்டையை ஃபேட்32 முறையில் வடிவமைத்து, ஆங்கில எழுத்தில் 'எம்பி3' என்ற கோப்புறை திறந்து, 0001 முதல் 0100 வரை பெயரிடுங்கள். எண்ணும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருந்தால் நிரல் எளிதாகும். சுழியத்துக்கு 0200, "தண்ணீர்" 0201, "விழுக்காடு" 0202 என்று ஒதுக்கலாம்.

ஊனோவின் 10, 11ஆம் முனைகளை 'சாஃப்ட்வேர்சீரியல்' நிரல்தொகுப்பு மூலம் டிஎஃப்பிளேயரோடு பேசவிடுங்கள், வேகம் வினாடிக்கு 9600 பிட். டிஎஃப்பிளேயரின் ஆர்எக்ஸ் (கட்டளை பெறும்) முனைக்குப் போகும் கம்பியில் 1 கிலோ ஓம் மின்தடை கட்டாயம்; இல்லையென்றால் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கும். 8 ஓம், 3 வாட் ஒலிபெருக்கி போதும். அதன் இரண்டு கம்பிகளில் எதையும் தரைமுனையில் இணைக்காதீர்கள். பேசத் தொடங்கியதும் பலகை அணைந்து மீண்டும் எழுந்தால் மின்னழுத்தம் சரிகிறது என்று பொருள். 5 வோல்ட், 2 ஆம்பியர் மின்னூட்டியிலிருந்து ஊனோவுக்கும் டிஎஃப்பிளேயருக்கும் தனித்தனியாகக் கம்பி இழுத்து, டிஎஃப்பிளேயரின் மின்முனைகளுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வையுங்கள்.

சொற்கள் ஒன்றையொன்று விழுங்கினால் டிஎஃப்பிளேயரின் 'பிஸி' முனையைப் பாருங்கள். ஒலித்துக்கொண்டிருக்கும்வரை அது தாழ்நிலையில் (0 வோல்ட் அருகில்) இருக்கும். ஆனால் கட்டளை அனுப்பிய உடனே தாழாது. 200 மில்லிவினாடி பொறுத்த பிறகே சோதிக்க வேண்டும்.

நீர்மட்டத்துக்கு எச்.சி-எஸ்ஆர்04 என்ற, ஒலி அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் உணரியைத் தொட்டிக்குள் வைக்காதீர்கள், நீராவி அதைக் கெடுத்துவிடும். அதே வகையான ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி உணரி ஈரம் தாங்கும். ஆனால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதை அளக்காது. தொட்டி நிறைந்தாலும் உணரிக்கும் நீருக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கவேண்டும். எதிரொலி திரும்பும் மைக்ரோவினாடிகளைச் சென்டிமீட்டராக மாற்றப் பலரும் போடும் 58 என்ற வகுஎண் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் காற்றுக்கு உரியது. நம் ஊர் வெயிலில் 30 பாகைக்கு ஒலி வினாடிக்கு 349 மீட்டர் ஓடும். 57 போடுவதே பொருத்தம்.

ஆசிரியர்கள் அவசியம் சோதிக்கவேண்டியது ஒன்று உண்டு. எதிரொலி திரும்பாவிட்டால், அந்த நேரத்தை அளக்கும் 'பல்ஸ்இன்' கட்டளை 0 என்ற விடையைத் தரும். தூரம் 0 என்றால் தொட்டி நிறைந்தது என்று நிரல் கணக்கிட்டு, கம்பி அறுந்த நாளிலும் "நூறு விழுக்காடு" என்று சொல்லும். அதை நம்புகிற பாட்டிக்குக் குழாயில் சொட்டு நீர் வராது. 0 வந்தால் "அளவு கிடைக்கவில்லை, கருவியைப் பாருங்கள்" என்ற பதிவு ஒலிக்கட்டும். அதற்கு 0203 இருக்கிறது.

மின்னணு ஆர்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்