படிப்பகத்துக்கு நாலு பெட்டி

சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர் உறவுகளுக்கு, படிப்பகக் கட்டடக் குழுவின் வணக்கம்.

பழைய படிப்பகத்தின் வடக்குச் சுவர் விரிசலில் இப்போது கை நுழைகிறது. கரிசலின் குணம் உங்களுக்குத் தெரியாததா? மழைக்கு உப்பும், கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும், மேலே நிற்கும் சுவரையும் சேர்த்துப் பிளக்கும். அங்கேயே மறுபடி செங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்ட 14.5 லட்சம் கேட்டார்கள். பட்டறையில் செய்து லாரியில் கொண்டுவந்து பூட்டும் கட்டடம் 10 லட்சத்தில் முடியும். அதைத்தான் முடிவு செய்திருக்கிறோம்.

“தகரக் கொட்டகையா போடப் போறீக?” என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு தாத்தா கேட்டார். கேட்க வேண்டியதுதான். 8 அடி அகலம், 20 அடி நீளத்தில் நாலு இரும்புச் சட்டப் பெட்டிகள். அருகருகே வைத்து போல்ட் முடுக்கினால் 640 சதுர அடியில் தடுப்பில்லாத ஒரே கூடம். சுவரில் இரண்டு தகட்டுக்கு நடுவே, வெக்கையைத் தடுக்க, கல்லை உருக்கிப் பஞ்சுபோல் இழைத்த ராக்வூல் இருக்கும். கூரைக்கு மேல் நிழலுக்கு இன்னொரு கூரை வரும். தாத்தா இன்னும் முழுசாக நம்பவில்லை, ஆனால் 500 ரூபாய் கொடுத்துவிட்டார்.

பாரம் குறைவு என்பதால் அடித்தளச் செலவும் குறைகிறது. அடியில் குமிழ்போல் அகன்ற குட்டைத் தூண்களைக் குழியில் வார்ப்போம். கரிசலுக்குத் தோதான முறை என்று ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் பரப்பியது இது. பெட்டிகள் தரையைத் தொடாமல் தூண்மேல் உட்காரும். மண் உப்பினால் அந்த இடைவெளிக்குள் உப்பிக்கொள்ளட்டும். இங்கே குழி தோண்டும்போதே பட்டறையில் பெட்டி தயாராகும், கூலி நாட்களும் மிச்சம்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. கான்கிரீட் என்றால் குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும். கோடையில் குடங்கள் வரிசையில் நிற்கும் ஊரில், டேங்கர் தண்ணீரை வாங்கிச் சுவருக்கு ஊற்ற மனசு வரவில்லை. உலகில் மனிதரால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது; சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே அந்த வாயுவைக் கக்குகிறது. இரும்பு மட்டும் புகையில்லாமலா வருகிறது என்பீர்கள். இல்லைதான். ஆனால் பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டு உலைக்கே திரும்பும். படிப்பகம் என்றைக்காவது இடம் மாறினால் போல்ட்டைக் கழற்றித் தூக்கிப் போகலாம், இடித்த காரையைக் கண்மாய்க்கரையில் கொட்ட வேண்டாம்.

முன்கூட்டியே செய்து பூட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. சென்னை பெரும்பாக்கத்தில் கான்கிரீட் பாகங்களைத் தனியே வார்த்துப் பொருத்தி 1,152 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு.

குழி, திண்ணை, சறுக்குப்பாதை வேலைகள் நம் ஊர்க் கொத்தனார்களுக்கே. அவர்கள் வயிற்றில் அடித்து மிச்சம் பிடிக்கவில்லை.

இதுவரை சேர்ந்தது 3,80,000 ரூபாய். இன்னும் 6,20,000 வேண்டும். ஒரு பெட்டி 2,10,000. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்றை ஏற்கலாம். ஒரு சதுர அடி என்றால் சுமார் 1,560. பணம் முடியாதவர்கள் ஒரு நாள் குழி வெட்ட வந்தாலும் போதும். மூவர் கையெழுத்திட்டால்தான் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். வரவு செலவு ஞாயிறுதோறும் மந்தைப் பலகையில் ஒட்டப்படும்.

ஆவணி முடிவதற்குள் பணம் வந்தால் புரட்டாசியில் பெட்டிகளை இறக்கிவிடலாம். ஐப்பசி மழை விழுந்தால் கரிசலில் லாரி இறங்காது, பிறகு தைக்குத்தான்.