ஆடம் ஹார்மனுக்கும் இன்னும் சிலருக்கும்

ஆடம் ஹார்மன் ஐயா அவர்களுக்கு,

மேரி இங்கிள்ஸ் எனக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. அவருக்காக நன்றி சொல்ல நான் யார்? கதையைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தவன், அவ்வளவுதான்.

1755 ஜூலையில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிரேப்பர்ஸ் மெடோ என்ற குடியிருப்பிலிருந்து ஷானி பழங்குடிப் போர்வீரர்கள் அவரையும் இரண்டு சின்னப் பையன்களையும் பிடித்துப் போனார்கள். பையன்களைப் பிரித்துவிட்டு, மேரியைக் கெண்டக்கியின் பிக் போன் லிக்கில் உப்புக் காய்ச்ச வைத்தார்கள். அங்கிருந்து ஒரு கிழவியோடு நழுவியவர், ஒஹாயோ, கனாவா, நியூ ஆற்றங்கரைகளைப் பிடித்துக்கொண்டு 40 நாளுக்கு மேல் நடந்தார். இருவருக்கும் நீச்சல் தெரியாது. கிளையாறு குறுக்கிட்டால் கால் நிலைக்கும் இடம் வரை அதன் கரையோடு மேலே போக வேண்டும், கடந்ததும் மறுகரையோடு அவ்வளவு தூரமும் கீழே வர வேண்டும். வரைபடத்தில் அந்த வளைவுகளை விரலால் தொடர்ந்து பார்த்தேன். எனக்கே கால் வலித்தது.

கடைசியில் உங்கள் சோளக்கொல்லையில் நின்று கூப்பிட்டார். போர்க்காலம், யாரோ என்று நீங்கள் துப்பாக்கியைத் தூக்கியிருக்கலாம். பழைய அண்டை வீட்டுக்காரியின் குரலை அடையாளம் கண்டுகொண்டீர்களே, அதற்கு முதல் நன்றி. பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தீர்கள். வீங்கிய காலுக்கு வெந்நீர் வைத்தீர்கள். எங்கள் வீட்டுப் பாட்டிகளும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மேரியின் மகன் ஜான் இங்கிள்ஸுக்கும் நன்றி. 1824இல் அவர் எழுதி வைக்காவிட்டால் இதில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

வழியில் ஆளில்லாத குடிசை ஒன்றின் பக்கத்தில் மேரியும் கிழவியும் எடுத்த சோளத்துக்கும் குதிரைக்கும் உரியவர்களே, உங்களுக்கும்தான். உங்களிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை. உங்கள் நிலத்தையும் யாரும் கேட்டு வாங்கவில்லை என்பது தனிக் கதை.

அப்புறம் அந்தக் கிழவி. பென்சில்வேனியாக்காரர், அவர் பெயரைக்கூட ஜான் எழுதவில்லை. பசி முற்றி மேரியைக் கொல்லப் பாய்ந்தவர் என்பதாலோ என்னவோ. மேரி தப்பி, கரையில் கிடந்த ஓடத்தில் ஆற்றைக் கடந்தார். மறுநாள் அக்கரையிலிருந்து கிழவி கெஞ்சினார். மேரி திரும்பிப் போகவில்லை. நானும் போயிருக்க மாட்டேன்.

ஆனால் பாட்டி, நீங்கள் கூட வந்திராவிட்டால் மேரி அந்த உப்புக் களத்தை விட்டுக் கிளம்பியிருப்பாரா? உங்களைத் தேடிப் போகச் சொல்லி ஹார்மனிடம் மன்றாடியதே மேரிதான். முதலில் மறுத்த ஹார்மன் ஐயா பிறகு போய் உங்களையும் கூட்டி வந்தார். அதற்கும் சேர்த்து அவருக்கு ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்