யார் மகன் என்று கேட்பது வெட்டிவேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஃபேண்டஸி நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையைச் சொல்லும் இடத்தில், 'ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்று வேலைவெட்டி இல்லாத ரசிகர்கள் குருட்டாம்போக்கில் அடித்துவிட்டது நாவலில் பலித்துவிட்டது' என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். அந்த வரி உங்கள் கண்ணைத் தாண்டி எப்படி அச்சுக்குப் போனது? நீங்கள் அந்த நாவல்களை ஊன்றிப் படித்தவர் என்பது உங்கள் தலையங்கங்களைப் படித்துவரும் எவருக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

முதல் நாவல் வந்தது 1996இல். மறு ஆண்டே, ஜான் ஊர் நம்பியதுபோல அவனை வளர்த்த வடநாட்டுப் பிரபு நெட் ஸ்டார்க்கின் மகன் இல்லை, நெட்டின் தங்கை லியானாவுக்கும் இளவரசன் ரேகாருக்கும் பிறந்தவன் என்று வாசகர்கள் எழுதிவிட்டார்கள். தாய் லியானா என்பதை 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் காட்டியது 2016இல். தகப்பன் பெயரை வாய்விட்டுச் சொன்னது 2017இல். இருபது ஆண்டுக்கு முன்பே ஒரே ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வந்தவர்களையா குருடர்கள் என்கிறீர்கள்?

அவர்கள் எதைப் படித்தார்கள் என்பதைச் சொல்கிறேன். கால் முறிந்து கிடக்கும் நெட், ரேகாரின் குடும்பத்தை அரியணையிலிருந்து இறக்கிய போரின் முடிவில் நடந்த சண்டை ஒன்றைக் கனவில் காண்கிறார். தனியாக நிற்கும் ஒரு கோபுரம். அதன் முன்னால் அரசரின் மெய்க்காவலர் மூவர். டிரைடன்ட் போரில் உங்களைத் தேடினேன், தலைநகர் விழுந்தபோது தேடினேன், ரேகாரின் தம்பி விசேரிஸ் டிராகன்ஸ்டோன் தீவுக்குப் போனபோது உடன் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்று நெட் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மெய்க்காவலர்கள் ஓடுவதில்லை என்று பதில் வருகிறது. ரேகாரின் தகப்பன், அரசர் ஏரிஸ் இறந்துவிட்டார். பட்டத்து இளவரசன் ரேகாரும் இறந்துவிட்டான். அடுத்த வாரிசு என்று ஊரறிந்த சிறுவன் விசேரிஸ் தொலைவில் அந்தத் தீவில் இருக்கிறான். அப்படியிருக்க, அரசனைக் காப்பதாக உறுதி எடுத்த மூன்று பேர் வெறும் கோபுரத்துக்காக ஏன் உயிரை விட வேண்டும்? உள்ளே யார் இருந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு, லியானாவின் இரத்தம் தோய்ந்த படுக்கை, அவள் அண்ணனிடம் வாங்கிய சத்தியம், ஹாரன்ஹாலில் ரேகார் தன் மனைவியைத் தாண்டிப்போய் அவள் மடியில் வைத்த நீல ரோஜா மாலை ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். விடை தானே எழுந்து நிற்கும்.

இப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே அந்த நாவல்தான். முதல் புத்தகத்தின் கதையே ஒரு பிறப்பு ரகசியம். நெட்டுக்கு முன் அரசரின் தலைமை அமைச்சராக இருந்த ஜான் ஆரின் எதைத் தேடி உயிரை விட்டார் என்று அறிய நெட் ஒரு தடித்த வம்சாவளி நூலைப் புரட்டுகிறார். பராத்தியன் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பு முடி என்பதைக் காண்கிறார். அப்படியானால் அரசி செர்சியின் பொன்முடிப் பிள்ளைகள் மூவரும் அரசன் ராபர்ட் பராத்தியனுக்குப் பிறந்தவர்கள் இல்லை. அதைக் கண்டுபிடித்ததால்தான் அவர் தலை போகிறது, நாடு பற்றி எரிகிறது. நெட் செய்ததை வாசகர் செய்தால் அது வெட்டிவேலையா?

நான் பத்திர எழுத்தராகக் காலம் தள்ளியவன். வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர் விடுபட்டதால் அண்ணன் தம்பி நீதிமன்றத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் தாரத்துப் பிள்ளை, தகப்பன் சாவுக்குப் பிறகு பழைய கடிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று யாரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. சொத்தோ சிம்மாசனமோ, உரிமை அங்கேதான் தொடங்குகிறது.

ரசிகர்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. டைவின் பிரபுவின் குள்ள மகன் டிரியன், உண்மையில் பைத்தியக்கார அரசன் ஏரிஸுக்குப் பிறந்தவன் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. நான் ஏற்கவில்லை. டைவினின் சொந்தத் தங்கையே அவரது மூத்த மகன் ஜெய்மியிடம், டைவினின் உண்மையான மகன் டிரியன்தான், நீ இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். தகப்பன் வெறுத்து ஒதுக்கிய பிள்ளையே தகப்பனைப் போல வளர்ந்து நிற்பதுதான் அந்தக் கதையின் வலி. அதை ஏரிஸின் கணக்கில் எழுதினால் எல்லாம் போயிற்று. ஆனால் இதையும் புத்தகத்தை வைத்துத்தான் மறுக்க வேண்டும், ஏளனத்தை வைத்து அல்ல.

'நாவலில் பலித்துவிட்டது' என்பதும் தவறு. ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது. அதில் ஜான் கத்திக்குத்துப்பட்டு விழுகிறானே தவிர, பிறப்பு ரகசியம் வெளிவரவில்லை. ஆறாவது நாவல் இன்னும் வரவில்லை. வெளிவந்தது தொடரில் மட்டும். அந்தத் தொடரை எடுக்கக் கேட்டு வந்த இருவரிடம் ஜானின் தாய் யார் என்றுதான் மார்ட்டின் கேட்டார். அவர்கள் சரியாகச் சொன்னார்கள். எழுதியவரே வாசகரை அளக்க வைத்திருந்த கேள்வி, உங்கள் பத்திரிகைக்கு வம்பாகத் தெரிகிறது.

பழையதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் ஜானின் தாயைக் காட்டிய அத்தியாயம் ஒளிபரப்பானதும் ரகசியத்தைத் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டீர்கள். என் தம்பி மகள் அப்போதுதான் மூன்றாம் நாவலில் இருந்தாள். புத்தகத்தை மூடி வைத்தவள் பிறகு தொடவே இல்லை. வருத்தப்பட்டு எழுதினேன், இதழைப் பாராட்டி நான் எழுதியிருந்த முதல் வரியை மட்டும் எடுத்துப் போட்டீர்கள். ஃபேண்டஸி நாவல் மதிப்புரை என்றால் இன்றும் சிறுவர் பக்கத்துக்குத்தான் போகிறது. பொன்னியின் செல்வன் படம் வந்த 2022இல், நந்தினியின் தகப்பன் யார் என்று இதழ் இதழாக எழுதினீர்கள். நானும் ஆசையோடு படித்தேன். அப்போது அதற்கு ஆய்வு என்று பெயர் வைத்தீர்கள். அந்த மரியாதை இந்த வாசகர்களுக்கு ஏன் இல்லை, ஐயா?

அடுத்த இதழில், ஜானின் பிறப்பு நாவலில் இன்னும் வெளியாகவில்லை என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி எந்தக் கதையின் ரகசியத்தையும் தலைப்பில் வைக்காதீர்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கோபுரத்தைப் பற்றிய பத்தியைத் தொடாமல் மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மயிலாடுதுறை.