வெயிட்டிங் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது?

சிறு விமான நிலையங்களை நடத்தும் மேலாளர்களுக்கு,

வணக்கம். போன வைகாசியில் உங்களில் ஒருவருடைய நிலையத்தில் நானும் அம்மாவும் காலை ஒன்பது நாற்பதுக்கு இறங்கி, மாலை ஐந்து நாற்பதுக்கு, தாமதமாக வந்த வேறு விமானம் ஏறினோம். எட்டு மணி நேரம். அதில் மூன்றரை மணி நேரம் வாசலுக்கு வெளியே கழிந்தது. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒருவரிடம் மட்டும் மேலிடம் விளக்கம் கேட்கும், அவரும் நாலு வரி பதில் போட்டுக் கோப்பை மூடிவிடுவார். மற்றவர்கள் "நல்லவேளை, நம்ம ஊர் இல்லை" என்று காபி குடிக்கப் போய்விடுவீர்கள். அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

அங்கே எதற்கு இறங்கினீர்கள் என்று கேட்பீர்கள். நேர் விமானம் தலைக்குப் பதினோராயிரம் காட்டியது. அதே செயலி இன்னொரு வழியையும் காட்டியது: ஒரு கம்பெனியின் ஏடிஆர் என்கிற சின்ன விமானத்தில் உங்கள் ஊர் வரை, அங்கிருந்து வேறொரு கம்பெனியின் ஏடிஆரில் எங்கள் ஊர் வரை. இரண்டும் சேர்த்தே தலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம்தான். இரண்டு பேருக்குமாகக் கிட்டத்தட்டப் பத்தாயிரம் மிச்சமாகிறது என்றால் யார் விடுவார்கள்? தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் நாமே போட வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. வெளியே வருவதற்கும் உள்ளே போவதற்கும் நடுவில் எங்கே இருப்பது என்று மட்டும் அதில் இல்லை.

பெட்டி பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. சின்ன நிலையத்தின் சுகம் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வருகை வாசலைத் தாண்டினோம், கண்ணாடிக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. இருபதடி தள்ளிப் புறப்பாடு வாசல். காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு இருபத்தஞ்சு ஃபிளைட் மேடம். ஒண்ணு இருபத்தஞ்சுக்கு வாங்க."

"அதுவரைக்கும்?"

கையை வீசி வெளியைக் காட்டினார். வெளி என்றால் ஒரு போர்ட்டிகோ, கார் நிறுத்தம், அதற்கப்புறம் நிழலே இல்லாத நேர்ச்சாலை ஒன்றரை கிலோமீட்டர், அதன் முடிவில் நெடுஞ்சாலை.

என் அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஒரு நாளைக்கு நாலு பாசஞ்சர் நிற்கும் ஊர்களாகத்தான் அவருக்கு மாற்றல் வரும். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அதில் இருபத்தைந்து வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸில் போனது. அவள் முன்னால் வந்து காவலரிடம் கேட்டாள்: "தம்பி, வெயிட்டிங் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

அவர் வடநாட்டுப் பிள்ளை. தமிழ் புரிந்தது, கேள்வி புரியவில்லை. உங்களுக்கும் புரியாமல் போகலாம் என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்துச் சின்ன ஸ்டேஷன்களில் வெயிட்டிங் ரூம் பூட்டித்தான் கிடக்கும். சாவி ஸ்டேஷன் மாஸ்டர் அறையில், டிக்கெட் அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ராத்திரி இரண்டு மணி வண்டிக்கு ஒன்பது மணிக்கே குழந்தை குட்டியோடு யாராவது வந்து நின்றால், அப்பா சாவியை எடுத்துப் போய்த் திறந்துவிடுவார். "இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கே, அப்புறம் வாங்க" என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. சீக்கிரம் வந்தவருக்குத்தானே அந்த அறையே? சரியான நேரத்துக்கு வந்தவருக்குப் பிளாட்பாரம் போதும்.

போர்ட்டிகோவில் இரும்பு பெஞ்சு இரண்டு இருந்தது. ஒன்றில் டிரைவர் ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார், எங்களைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். கத்தரி வெயில் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பெஞ்சில் உட்கார முடியவில்லை, புடவைத் தலைப்பை நாலாக மடித்துப் போட்டு அம்மா உட்கார்ந்தாள். நாங்கள் வந்த விமானம் திரும்பிப் போனது. அதோடு அந்த இடமே ஓய்ந்துவிட்டது. ஓடுபாதைப் பக்கம் எங்கேயோ மயில் அகவியது. கண்ணாடிக்கு உள்ளே அறுபது நாற்காலிகள், எல்லாம் காலி. ஒரு அம்மா மெதுவாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் கன்னத்தை வைத்தால் ஏசியின் குளுமை தெரிந்தது. நான் வைத்துப் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு அம்மா காதருகே குனிந்து சொன்னாள். சர்க்கரை உள்ளவள், அடக்க முடியாது. கழிப்பறை இருப்பது உள்ளேதான், வெளியே கிடையாது. காவலர் வாக்கிடாக்கியில் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். யாரோ ஒரு அதிகாரியைத் தேடி, அவர் இன்னொருவரைக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் காவலர் வந்து அம்மாவைக் கூட்டிப் போனபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார், திரும்பும்போது தண்ணீர் பாட்டில் ஒன்றும் கொடுத்தார். ஆகவே இது காவலர்கள் மீதான புகார் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பதை அவர்கள் செய்கிறார்கள். ஆனால் எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒன்றுக்குப் போக வாக்கிடாக்கியில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இதை நீங்கள் ஒரு நிமிடம் உங்கள் வீட்டு ஆளை வைத்து யோசித்துப் பாருங்கள்.

பன்னிரண்டு மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் டீ கேன் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். வண்டி கார் நிறுத்தத்துக்குள் வராது, சாலையோர வேப்பமரம்தான் எல்லை. டிரைவர்களுக்காக வருகிறவர். டீ பன்னிரண்டு ரூபாய், கூட முறுக்கு. "உள்ள விட மாட்டாங்கக்கா. ஃபிளைட்டுக்கு ஃபிளைட்டு இந்த மரத்தடியில நாப்பது டீ ஓடிடும்" என்றார். பிற்பாடு உள்ளே போய்ப் பார்த்தேன், கவுன்டரில் நூற்றிருபது ரூபாய். காகிதக் கோப்பையில் வெந்நீர், நூலில் தொங்கும் பொட்டலம் ஒன்று. அம்மா நூலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை.

இதெல்லாம் மாற்ற முடியாத விஷயம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் விமான நிலையத்துக்குள்ளேயே உடான் யாத்ரி கஃபே என்று மலிவு விலைக் கடை திறந்தார்கள். டீ பத்து ரூபாய், வடை இருபது ரூபாய். வாடகையும் கூட்டமும் அதிகமுள்ள நிலையத்தில் பத்து ரூபாய்க்குக் கட்டுப்படியாகும் டீ, நாலு விமானம் வரும் ஊரில் நூற்றிருபது ரூபாய். கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் நிலையத்துக்கு வாட்ச் அவர்ஸ் என்று ஒன்று உண்டு. விமானம் வரும் நேரத்தை ஒட்டித்தான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள், அதை ஒட்டித்தான் மற்ற ஆட்களும். இடைப்பட்ட நேரத்தில் நாலு பேருக்காக ஏசியும் ஆளும் போட்டுத் திறந்து வைப்பது வீண் செலவு என்று தோன்றும். பாதுகாப்புக் காரணமும் சொல்வீர்கள். ஆனால் நான் சோதனைக்கு அந்தப் பக்கம் உள்ள கூடத்தைக் கேட்கவில்லை. செக்-இன் கவுன்டருக்கு முன்னால் இருக்கிற, பெட்டியோடு எல்லோரும் நிற்கிற வெறும் கூடத்தைத்தான் கேட்கிறேன். டிக்கெட்டையும் ஆதாரையும் பார்த்துவிட்டு ஒன்று இருபத்தைந்துக்கு விடுகிற ஆளைப் பத்து மணிக்கு விட்டால் என்ன குறைந்துவிடும்? டிக்கெட்டில் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறது. 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணத்துக்கு 160 ரூபாயை 200 ஆக்கினார்கள். அதைக் கட்டிய என்னைத்தான் வெயிலில் விட்டிருந்தீர்கள்.

விதி மாறாது என்பதையும் நம்ப மாட்டேன். தேங்காயைக் கைப்பையில் வைத்து விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்றுதான் இருந்தது. 2024 அக்டோபரில் ஐயப்ப பக்தர்கள் இருமுடியை நெய்த்தேங்காயோடு கையிலேயே கொண்டு போகலாம் என்று மண்டலம், மகரவிளக்கு முடியும்வரை, ஜனவரி 20 வரைக்கும், விட்டுக்கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் பார்த்து, தடவிப் பார்த்து அனுப்பினார்கள். சாமிக்குச் செய்தது சரிதான். தேங்காய்க்கு வழி கண்டவர்களுக்கு அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட வழி தெரியாதா?

ஒன்று இருபத்தைந்துக்கு உள்ளே போனோம். குளிர்ந்தது, நன்றாகவே இருந்தது. பெட்டியைப் போட்டுச் சோதனை முடிந்து உட்கார்ந்ததும் மூன்று இருபத்தைந்து, ஐந்து நாற்பது ஆகிவிட்டதாகப் பலகையில் எழுத்து மாறியது. அதைப் பற்றி நான் புலம்பவில்லை. எங்கேயோ மழை, எங்கேயோ தாமதம். இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் சிற்றுண்டி கொடுக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதி. கொடுத்தார்கள், ஆளுக்கொரு சாண்ட்விச்சும் ஜூஸும். கவனித்துப் பாருங்கள், தாமதமான பயணிக்கு விதி இருக்கிறது, விமானம் ரத்தானால் விதி இருக்கிறது. எந்தத் தப்பும் நடக்காமல் சும்மா காத்திருப்பவருக்குத்தான் ஒரு வரி கூட இல்லை.

2016-ல், சின்ன ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் உடான் திட்டத்தை அறிவித்தபோது ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகள் 2,500 ரூபாய் உச்சவரம்பில் என்றார்கள். 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவில் முதல் விமானத்தைத் தொடங்கிவைத்த பிரதமர், ஹவாய் செருப்பு போட்டவர்களும் ஹவாய் ஜஹாஜில், அதாவது விமானத்தில், பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று பேசினார். இந்தியில் அழகான எதுகை, தமிழில் ஓடாது. ஹவாய் செருப்பு போட்டவர் வருகிறார் என்றால் தூக்குவாளியோடும் கட்டுச்சோற்றோடும் வருவார், நாலு மணி நேரம் முன்னாலேயே வருவார். ஊரிலிருந்து கிளம்பும் ஒரே பஸ் அந்த நேரத்துக்குத்தான் இருக்கும். அவருக்காகக் கட்டிய நிலையத்தில் அவர் வரும் நேரத்தை ஏன் கணக்கில் எடுக்கவில்லை?

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருச்சி புது முனையத்துக்கு ஆயிரத்து நூறு கோடிக்கு மேல் செலவானது. தூத்துக்குடி வாகைக்குளத்தில் சுமார் 450 கோடியில் கட்டி 2025 ஜூலையில் திறந்தார்கள். இரண்டும் எனக்குப் பெருமைதான். நான் கேட்பது அந்தக் கோடிகளின் சில்லறையில் முடிகிற காரியம்.

முதலில், வெளியிலிருந்தே போகிற மாதிரி ஒரு கழிப்பறை. இருக்கும் கழிப்பறையின் சுவரில் இன்னொரு கதவு வைத்தால்கூடப் போதும். அன்றைய டிக்கெட் உள்ளவர்களை நேரம் பார்க்காமல் முன்கூடத்தில் உட்கார விடுங்கள். அது முடியவே முடியாது என்றால் போர்ட்டிகோவில் முதுகு சாய்கிற பெஞ்சும் இரண்டு மின்விசிறியும் குடிதண்ணீரும் வையுங்கள். வேப்பமரத்தடிக்காரருக்கு ஒரு மூலை கொடுங்கள். உள்ளூர் மகளிர் குழுக்கள் தங்கள் பொருட்களை விற்க நிலையங்களில் இடம் தரும் அவ்சர் திட்டம் 2022 முதலே இருக்கிறது. அதே யோசனையை வாசலுக்கு வெளியே நீட்டி ஒரு டீக்கடை, இட்லிக் கடை வைத்தால் யாருக்கு நஷ்டம்?

எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாகப் படுவது பெட்டி வைக்க ஒரு அறை. ரயில் நிலையத்துக் குளோக் ரூம் மாதிரி, ரசீது போட்டுப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று எங்களிடம் இரண்டு பெட்டியும் ஒரு பையும் இல்லாதிருந்தால், ஊருக்குள் போய்க் கோயில் பார்த்து, இலை போட்டுச் சாப்பிட்டு, அம்மா எங்கே போனாலும் வாங்குகிற மாதிரி ஒரு பித்தளைச் சாமானாவது வாங்கிக்கொண்டு வந்திருப்போம். ஆட்டோ கேட்ட நானூறு ரூபாயைக்கூடக் கொடுத்திருப்பேன். விமானம் வந்தால் ஊர் வளரும் என்று திறப்பு விழாவில் எல்லோரும் பேசுகிறார்கள். வந்த ஆளைப் பெட்டியோடு போர்ட்டிகோவில் கட்டிப்போட்டால் ஊருக்கு எப்படிக் காசு போகும்? விமான நேரத்துக்கு ஒரு மினி பஸ் விடும்படி கலெக்டரிடம் கேட்க வேண்டியவரும் நீங்கள்தான்.

தை மாதம் அதே வழியாகத் திரும்பப் போகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. இந்த முறை நடுவில் ஆறு மணி நேரம். அம்மா இப்போதே பரணிலிருந்து ஜமுக்காளத்தை இறக்கி வெயிலில் போட்டிருக்கிறாள். காவலர் பிள்ளைக்கும் அந்தப் பெண்ணுக்கும் அதிரசம் செய்து எடுத்துப் போக வேண்டுமாம். சாவி விவரம் அதற்குள் தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒன்று இருபத்தைந்து வரை வெளியே இருந்த பயணி